சாகாத எலிகள்

புதிதாக அனிமல் ஹவுஸில் எலி வளர்க்கும் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது பற்றியெல்லாம் நான் பேசமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த தாளில் இருக்கிறது. நான் சொல்வதைவிட ஒழுங்காகவே இருக்கிறது. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு நிமிடத்தில் செய்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அது ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கட்டில்வரை போய்விட்டது.

நான் விலங்கியல் படித்தவள். ஆனால் முதலில் வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் பிரிவில். எண்பதுகளின் கடைசி அது. நூலை இழுத்துப் பார்ப்பது, எங்கே மெலிந்திருக்கிறது என்று குறிப்பது, இதுதான் நாள் முழுக்க. நான்கு வருடம் அதைச் செய்தேன். பிறகு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில், பின்கட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூடத்தை நடத்தியவர் ஒரு டாக்டர். இந்தப் பக்கத்துக்காரர்தான். வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சில குடும்பங்களில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சளியிலும் பேதியிலும் போய்விடுவதை அவர் கவனித்திருந்தார். எல்லாரும் அதைத் தோஷம் என்றார்கள். அவர் அதை ரத்தத்தில் தேடினார். பிறக்கும்போதே நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் அவை. அவரைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கோபக்காரர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

தொண்ணூறுகளின் நடுவில், அவரோடு வெளிநாட்டில் வேலை பார்த்த ஓர் அம்மா மூன்று ஜோடிக் கருப்புச் சுண்டெலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க மற்ற சுண்டெலி மாதிரியே இருக்கும். ஆனால் அவற்றின் பரம்பரையிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இல்லாததால் அவற்றின் உடம்பு கிருமியை எதிர்க்கும் அணுக்களையும், அவை சுரக்கும் எதிர்ப்பொருளையும் தயாரிக்காது. நமக்குத் தும்மலோடு போய்விடுகிற கிருமி அவற்றைக் கொன்றுவிடும். அதனால்தான் அவை எங்களுக்கு வேண்டியிருந்தன. எங்கள் வார்டில் படுத்திருந்த குழந்தைகளின் உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த அம்மா இரண்டு வாரம் எங்களோடு தங்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது விஷயம் சொல்லியிருப்பார். அதில் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தரையில பார்த்த எலியைத் திரும்பக் கூண்டில போடாதீங்க. அது எங்கேயிருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியும்னு தோணும். அதுதான் ஆபத்து."

நான் தலையாட்டினேன். நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

அவர் போய் நான்கு மாதம் இருக்கும். ஒரு காலை. அப்போது எங்களிடம் அந்த இனத்தில் ஆறு கூண்டுகள்தான். பக்கத்திலேயே இரண்டு முழம் தள்ளி, கூண்டு அடுக்கும் இன்னொரு ராக்கில் சாதாரணச் சுண்டெலிகள், அதே கருப்பு, அதே அளவு. நான் உள்ளே போனபோது தரையில் ஒரு பெட்டை உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. நாலாவது கூண்டின் மூடி சரியாக உட்காரவில்லை. கூண்டில் மாட்டியிருந்த கார்டில் மூன்று பெட்டை, ஓர் ஆண் என்று இருந்தது. உள்ளே எண்ணினேன். இரண்டு பெட்டைதான்.

கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அந்த அம்மா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் மொத்தமே இருபது சொச்சம் எலி. இத்தனை தூரம் விமானத்தில் வந்த வம்சம். இது எங்கேயிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்கிறபோது எதற்கு வீணாகக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் விட்டு மூடியை அழுத்தினேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? பக்கத்து ராக்கை நான் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தால் அங்கேயும் ஒன்று குறைந்திருக்கும்.

அடுத்த வருடம் எங்களுக்கு நல்ல வருடம். நாலாவது கூண்டின் வாரிசுகள் பெருகின. ஒவ்வொரு ஈற்றுக்கும் ஏழு, எட்டுக் குட்டிகள். ரோமம் பளபளப்பு. மற்றக் கூண்டுகளில் மூன்றும் நாலுமாகத்தான் பிறந்தன. அதிலும் பாதி மெலிந்து போகும். அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன் தேர்ந்தெடுக்கும்போது எதை எடுப்பேன்? கொழுத்ததைத்தான் எடுத்தேன். என் தவறை நானே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறேன்.

சாதாரண எலிகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டோம். இவை இரண்டு ராக் நிறைந்துவிட்டன. பழைய கூண்டுகளின் வாரிசுகள் ஏ ராக். நாலாவது கூண்டின் வாரிசுகள் பி ராக். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சோதிக்க அந்த அம்மா சொல்லியிருந்தார். ஒரே ஒருமுறை செய்தோம். முதல் கூண்டிலிருந்து இரண்டு எலி எடுத்தோம், சரியாக இருந்தது, அத்தோடு நம்பிவிட்டோம்.

பார்க்க வருகிறவர்களிடம் டாக்டர் பி ராக்கைத்தான் காட்டுவார். "எஸ்தர் கை ராசி" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இப்போது வார்டுக்கு வருகிறேன். செல்வி என்று ஒரு குழந்தை. தேவதானம் கிராமத்துக் குடும்பம். அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஓட்டுகிறவர். அம்மா பேச்சியம்மாள். செல்விக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒரு வயதுக்குள் போய்விட்டன. மூத்த பையன் மட்டும் நல்லபடியாக இருந்தான். செல்விக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம்தான் இருந்தது. வாயிலும் தொண்டையிலும் பூஞ்சை பிடித்து, அது நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. அதைக் கட்டுப்படுத்த நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். கொடுமையான மருந்து. ஏற்றும்போதே குளிர் வந்து குழந்தை தூக்கித் தூக்கிப் போடும். அதைவிட மோசம், அது சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருந்தது.

பூஞ்சைக்கு வாய்வழியாகக் கொடுக்கிற வேறொரு மருந்தும் இருந்தது. சாதுவானது. எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்கு அது போதும். இல்லாதவர்களுக்கு அது மட்டும் போதுமா என்பதுதான் டாக்டரின் கேள்வி. அதைத்தான் எங்கள் எலிகளில் பார்த்தோம். எலிகளுக்கு அதே பூஞ்சையைக் கொடுத்து, ஒரு பகுதிக்கு மருந்து கொடுத்தோம், ஒரு பகுதிக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காதவை எல்லாம் செத்தன. கொடுத்தவை ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்து கொடுக்காதவற்றை ஏ ராக்கிலிருந்தும், கொடுத்தவற்றை பி ராக்கிலிருந்தும் எடுத்திருந்தோம். அந்த யோசனை என்னுடையதுதான். ராக்கைப் பிரித்து வைத்தால் மருந்துத் தண்ணீர் மாறிப்போகாது என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு ஜாக்கிரதை!

டாக்டர் முடிவு செய்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் எலிகளைப் பார்த்துவிட்டு, செல்விக்கு நரம்பில் ஏற்றுவதை நிறுத்தி வாய்மருந்துக்கு மாற்றுவது. நாளும் குறித்தாயிற்று, ஒரு திங்கட்கிழமை. பேச்சியம்மாள் என்னை எங்கே பார்த்தாலும் கேட்பாள்.

"யக்கா, எலிகள்லாம் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"அப்பம் எம் புள்ளைக்கும் நல்லாயிரும்."

அந்த ஒரு மாதத்துக்குள்தான் ஆடிக் காற்று பிடித்தது. மலைப்பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு அடிக்கும், உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் ஏர் பிளான்ட்டின் மோட்டார் எரிந்துபோயிற்று. எலிகளின் அறைக்குள் வடிகட்டின காற்று மட்டும்தான் போக வேண்டும். அது நின்றுவிட்டது.

பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவர் சீனிவாசன். ஒரு மில்லில் ஈரக்காற்று விடுகிற ஹியூமிடிட்டி பிளான்ட்டில் ஃபிட்டராக இருந்து வந்தவர். வீட்டில் தெலுங்கு. வெளியே தமிழ்தான், ஆச்சரியப்பட்டால் மட்டும் தெலுங்கு வந்துவிடும். மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"மோட்டார் காயில் எரிஞ்சு போச்சும்மா. ரீவைண்டிங் குடுத்து வார மூணு நாளாகும்."

"மூணு நாள் தாங்காதுண்ணே."

"தாங்காதுதான். அதுக்கு என்ன செய்ய? எம்புட்டு பேண்டேஜ் துணி இருக்கு உங்ககிட்ட?"

ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை. கொதிக்கவைத்து, எட்டு மடிப்பாக மடித்து, ஈரத்தோடு காற்று வரும் வழிகளில் எல்லாம் கட்டினோம். காய்வதற்குள் மாற்றினோம். மூன்று நாளும் நானும் அவரும் முறை வைத்து நின்றோம். நாலாம் நாள் மோட்டார் ஓடியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த பத்து நாளில் ஏ ராக் காலியாகத் தொடங்கியது. தினமும் காலையில் திறந்தால் மூலையில் ஒடுங்கி, முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து நாலோ ஐந்தோ கிடக்கும். கதவைத் திறக்கவே கை வராது. பி ராக்கில் அங்கொன்று இங்கொன்று போனதோடு சரி. மற்றவை ஓடியாடின. "பாதியாவது மிஞ்சிச்சே" என்று டாக்டர் என்னைத் தேற்றினார். நானும் ஜெபித்தபோது அதற்கு நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை சீனிவாசன் ஃபில்டர் மாற்ற வந்தார். இரண்டு ராக்கையும் பார்த்தார்.

"ஏமம்மா இது! ஒரே ரூம், ஒரே காத்து. அந்தப் பக்கம் அம்புட்டும் போயிருச்சு. இந்தப் பக்கம் டான்ஸ் ஆடுது. நம்ம பேண்டேஜ் துணி இந்தப் பக்கம் மட்டும் வேலை செஞ்சிச்சோ?"

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

ஒரே அறை. ஒரே காற்று. எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலி எப்படி எதிர்த்தது?

ரிஜிஸ்டரை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். பி ராக்கில் ஒவ்வொரு கூண்டாக, தாய், தாயின் தாய் என்று போனேன். எல்லாக் கோடும் நாலாவது கூண்டில் போய் நின்றது. அந்தக் கூண்டின் கார்டில் மூன்று பெட்டை, ஓர் ஆண். என் கையெழுத்து. தரையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினான்கு மாதமாக ஒருமுறைகூட அதை நினைத்ததில்லை.

அது பக்கத்து ராக்கின் சாதாரண எலியாக இருந்தால், அதன் வாரிசுகளில் பெரும்பாலானவற்றுக்கு நம் எல்லாரையும் போல எதிர்ப்புச் சக்தி இருக்கும். அவை காற்றையும் தாங்கும், பூஞ்சையையும் தாங்கும். மருந்து ஒன்றுமே செய்திருக்க வேண்டியதில்லை. அந்த மருந்தை நம்பித்தான் திங்கட்கிழமை செல்விக்கு நரம்பு ஊசியை நிறுத்தப்போகிறார்கள்.

உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை. வீட்டுக்குப் போனேன். சமைத்தேன். என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. ஒருவேளை அது அந்தக் கூண்டு எலியாகவே இருந்தால்? வீணாகப் பீதியைக் கிளப்பியதாகும். இன்னொன்றும் இருந்தது, அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. ஊசி ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நான் சொல்லித் தள்ளிப்போட்டு, பிறகு என் சந்தேகம் பொய் என்று ஆனால், அந்த நாட்களின் கேட்டுக்கு நான் பொறுப்பு. சொல்வதும் ஆபத்து, சொல்லாததும் ஆபத்து. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். எல்லாப் பக்கமும் யோசித்து முடித்தபின் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். ஊசியை இரண்டு நாள் கூடுதலாகப் போட்டால் எவ்வளவு கெடும் என்று டாக்டருக்குத் தெரியும். ஊசியை நிறுத்தி, மருந்தும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பத்து நாளாக ஏ ராக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி டாக்டர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க எஸ்தர். சாப்பிடுங்க."

"சாப்பிட வரல சார். பி ராக் எலிகள் சுத்தமில்லைன்னு நினைக்கேன்."

"என்ன நோய்?"

"நோயில்ல சார். நோய் வரல. அதான் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். தரை, மூடி, எண்ணியது, எழுதாதது. அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பதினாலு மாசம்! இப்ப வந்து சொல்றீங்க? நாளைக்கு மருந்து மாத்துறோம்!"

"அதான் சார் இன்னைக்கே வந்தேன்."

"நீங்க தப்பாக்கூட நினைக்கலாம். பி ராக் நல்ல வம்சம். அவ்வளவுதானோ என்னவோ."

"இருக்கலாம் சார். ரெண்டு நாள் குடுங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துருவோம். நான் சொன்னது தப்பா இருந்தா புதன்கிழமை மாத்துங்க."

"ரெண்டு நாள் ஊசின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நேத்து அந்தப் பிள்ளை ரிப்போர்ட்டைப் பார்த்தீங்களா?"

"பார்க்கல சார். ஏ ராக்கைப் பார்த்தேன்."

டாக்டரின் மனைவி கதவோரம் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு டாக்டர் எழுந்து கை கழுவினார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது.

"ரெண்டு நாள். அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க."

தண்டனையாகத்தான் சொன்னார். ஆனால் அது சரியான தண்டனை. அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வாங்கக்கா. நாளையோட ஊசி முடியுது. பொறவு வாய்மருந்துதான்னு நர்ஸம்மா சொன்னாவ."

"நாளைக்கு இல்ல பேச்சி. புதன்கிழமை வரைக்கும் ஊசிதான். பொறவுங்கூட எப்படின்னு தெரியல."

"ஏன்க்கா?"

"எலியில தப்பு நடந்துருச்சு. நான் செஞ்ச தப்பு. வேற எலியைக் கலந்துட்டேன். மருந்து கேட்டுச்சுன்னு நாங்க நினைச்சது மருந்தாலயா, எலியோட உடம்பாலயான்னு தெரியல."

அவளுக்குப் புரிந்ததா என்று முகத்தில் தேடினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்பம் சொன்னீய. மாத்துன பொறவு சொல்லிருந்தா நான் என்னக்கா செஞ்சிருப்பேன்?"

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நல்லாப் பாருங்க. செத்த நேரம் கூட ஆனாலும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டைக் குழியில வச்சிட்டு வந்திருக்கேன். இவளை வைக்கமாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் பி ராக்கின் ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஓர் எலி எடுத்தேன். ஏ ராக்கில் மிஞ்சியிருந்த எல்லாவற்றிலும் எடுத்தேன். சோதனை எளிமையானது. தட்டில் ஜெல் ஊற்றிக் குழி வெட்டுவோம். நடுக்குழியில் எலியின் எதிர்ப்பொருளைப் பிடிக்கிற மருந்து, சுற்றிலும் உள்ள குழிகளில் எலிகளின் ரத்தம் உறைந்தபின் தெளிகிற நீர். இரண்டும் ஜெல்லுக்குள் ஊர்ந்து வரும். எதிர்ப்பொருள் இருந்தால் சந்திக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். இல்லாவிட்டால் ஜெல் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும். சுத்தமான எலிக்குக் கோடு விழக் கூடாது.

புதன்கிழமை காலை டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஆனால் தட்டுகளைத் தொடவில்லை. நான் வரட்டும் என்று இருந்திருக்கிறார். முதல் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று குழிகளில் கோடு. நூல் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. அடுத்ததில் ஐந்து. அதற்கடுத்ததில் நாலு. ஏ ராக் தட்டு மட்டும் தெளிவாக இருந்தது. மனசு வாதாடுவதை நிறுத்திவிட்டது. சந்தேகம் தீர்ந்துவிட்டது அல்லவா.

டாக்டர் எல்லாத் தட்டையும் ஒருமுறை தானே பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்தாநாள் மாத்தியிருப்பேன் எஸ்தர். நீங்க வரலன்னா மாத்தியிருப்பேன்."

அவர் என்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அடுத்த நிமிடமே, "இந்தத் தப்புக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதணும். எலி குடுத்த அம்மாவுக்கும் ஒரு காப்பி அனுப்பணும்" என்றார். எழுதினேன். எலிகளைக் கொண்டுவந்து கொடுத்த அந்த அம்மாவிடமிருந்து ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. தானும் ஒருமுறை இதையே செய்திருப்பதாகவும், அதனால்தான் அன்று கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதாகவும் எழுதியிருந்தார்.

பி ராக்கை முழுக்க ஒழிக்க வேண்டியிருந்தது. எது சுத்தம், எது கலப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாலும் இனி யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன். வேறு ஆளை விடச் சொன்னார் டாக்டர். மாட்டேன் என்றேன். இரண்டு நாள் ஆயிற்று. வலிக்காமல் செய்தேன். அவை ஒரு தப்பும் செய்யாத எலிகள். நல்ல, திடமான எலிகள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையில் இருக்கிறவர்கள் அதைக் கூசாமல் செய்யப் பழகிவிடக் கூடாது.

காலி ராக்கைக் கழுவ சீனிவாசன் அதைச் சுவரிலிருந்து நகர்த்தினார். பின்னால் குழாய் இடுக்கில் காய்ந்துபோன சுண்டெலி ஒன்று கிடந்தது, சருகு மாதிரி. நாலாவது கூண்டின் மூன்றாவது பெட்டை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் அதை ஒரு பேப்பரில் எடுத்துக் கொடுத்தார்.

ஏ ராக்கில் மிஞ்சியது மூன்று. இரண்டு பெட்டை, ஓர் ஆண். டாக்டர் மூன்றையும் பார்த்துவிட்டு, "முடியுமா?" என்றார்.

"முடியும் சார்" என்றேன். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.

இந்த முறை ஒவ்வொரு கூண்டையும் மூடியதும் ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தூக்கிப் பார்ப்பேன். ஒவ்வோர் ஈற்றையும் சோதிப்பேன். கொழுத்ததைத் தேடமாட்டேன். பரிசோதனைக்கு எலி எடுக்கும்போது எல்லாக் கூண்டையும் கலந்து, சீட்டுக் குலுக்கி எடுப்போம். ரிஜிஸ்டரில் தவறுக்கென்று ஒரு பத்தி போட்டேன். முதல் வரியில் என் பெயரையே எழுதினேன், அப்போதுதான் அடுத்தவர் எழுதக் கூசமாட்டார். வாய்மருந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. சுத்தமான எலிகளில் அந்த மருந்து மட்டும் போதவில்லை. ஏறக்குறைய எல்லாம் செத்தன. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஊசி மருந்தைப் பாதியாகக் குறைத்தும் பல பிழைத்தன.

செல்வியைப் பற்றிக் கேட்பீர்கள். எலிகள் தயாராகும்வரை அவளால் காத்திருக்க முடியாது. டாக்டர் ஊசியை நிறுத்தவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். பூஞ்சை அடங்கியது. சிறுநீரகத்தின் சக்தி பாதி போயிற்று. அதற்கு என் பதினான்கு மாதமும் ஒரு காரணம். சுத்தமான எலிகள் முன்பே இருந்திருந்தால் பதிலும் முன்பே கிடைத்திருக்கும். பிறகு மூத்த பையனின் எலும்பு மஜ்ஜை அவளுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்து, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று பேச்சியம்மாள் கூட்டிவந்து காட்டினாள். அதன்பிறகு அவர்கள் பிழைப்புக்குத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரியாததை நல்லதாக நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த மூன்று எலிகளில் ஒரு பெட்டை குட்டியே போடவில்லை. இன்னொன்று போட்ட முதல் ஈற்றைத் தானே தின்றுவிட்டது. இரண்டாவது ஈற்றில் ஐந்து குட்டிகள். மெலிந்தவை. ஆறு வாரம் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்து, துளித் துளியாக ரத்தம் எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். டாக்டரும் சீனிவாசனும் பின்னால் நின்றார்கள். தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.

"கோடு இருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். ஒண்ணுலகூட இல்ல."

வம்சம் சுத்தம், ஐந்து குட்டிகளுக்கும் ஒரு தும்மலைக்கூடத் தாங்குகிற சக்தி இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் அழுதுவிட்டேன். சீனிவாசன் என்னவோ தெலுங்கில் சொல்லிக்கொண்டு ஏர் பிளான்ட்டைப் பார்க்கப் போனார். நான் கையை முழங்கைவரை கழுவி, முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, அவற்றுக்குத் தண்ணீர் மாற்ற உள்ளே போனேன்.